பிரேக் மிதிக்க ஒரு ஆள்

"எல்லாம் மாத்தியாச்சு சபுராம்மா. இன்னும் இடது பக்கமே இழுக்கு."

பெப்பின் சலித்துப்போயிருந்தான். அப்பாவின் பழைய பிக்கப்பைத் தன் கையாலேயே ஓடவைக்க வேண்டும் என்று சபுராவின் பட்டறையில் தொழில் கற்றுக்கொண்டிருந்தான். அவனைவிட இளையவள் அவள்.

"எப்ப இழுக்கு?"

"பிரேக் புடிச்சா."

அவள் குனிந்து முன் ஆக்சிலைப் பார்த்தாள். எதையும் தொடவில்லை.

"நான் பின்னால இருந்து தள்ளணும். நீங்க கீழ படுத்துப் பாக்கணும். பிரேக் மிதிக்க ஒரு ஆள் வேணும், அண்ணாச்சி."

"பக்கத்துக் கடையில யாரையாவது கூப்பிடுதேன்."

"பழைய வண்டி. பழகின கால் வேணும். முன்னால ஓட்டுனது யாரு?"

"அண்ணன். பேச்சுவார்த்தை இல்ல."

"ஏன்?"

"ஓடைப் பாலத்துல கொண்டு மோதிட்டான். அதுல அப்பா போயிட்டாரு. நான் அன்னைக்குக் கூடப் போகல. தூங்கிட்டான், பிரேக்கே மிதிக்கல."

"அவரு என்ன சொன்னாரு?"

பெப்பின் யோசித்தான்.

"கேக்கல."

சபுரா வேறு வண்டிக்குப் போய்விட்டாள்.

பெப்பின் பிக்கப்பில் ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்தான். அது அவனுடைய இடம். நடுவில் அப்பா. ஸ்டியரிங்கில் அண்ணன் லியோன். பின்னால் உப்பு மூட்டைகள். பதநீர் விற்கும் இடம் வருமுன்பே அப்பா நிறுத்தச் சொல்லி அண்ணனின் தொடையில் தட்டுவார். பனையோலைப் பட்டையில் முதல் வாய் பெப்பினுக்கு. மிச்சத்தை அண்ணன் ஓட்டிக்கொண்டே குடிப்பான், சட்டையெல்லாம் சிந்தும். அப்பா சிரித்துச் சிரித்து இருமுவார்.

இப்போது அந்த இரண்டு இடங்களும் காலியாக இருந்தன.

அவன் போனை எடுத்தான்.

லியோன் மறுநாள் காலையில் வந்தான். தலை நரைத்திருந்தது. ஏறி உட்கார்ந்து ஸ்டியரிங்கை உள்ளங்கையால் துடைத்தான்.

"மிதிங்க," என்றாள் சபுரா.

மிதித்தான். அவள் தள்ளினாள்.

கீழே படுத்திருந்த பெப்பினின் கண் முன்னே ஆக்சில் இடது பக்கம் மட்டும் பின்னால் வழுக்கியது. அதை ஸ்பிரிங்கோடு பிணைக்கும் போல்ட் அறுந்துகிடந்தது. வழுக்கி வழுக்கி இரும்பில் விரல் பதியும் அளவுக்குப் பள்ளம்.

"மோதினப்ப அறுந்திருக்கும்," என்றான்.

சபுரா அவன் பக்கத்தில் குனிந்தாள்.

"போல்ட் அப்ப அறுந்திருக்கலாம், சரி. இந்தப் பள்ளம்?"

அவன் விரலால் பள்ளத்தைத் தடவினான்.

"ஓடினாத்தானே தேயும் அண்ணாச்சி. மோதினதுக்குப் பிறகு வண்டி ஓடுச்சா?"

பட்டறை வாசலில் சோதித்துப் பார்த்த நாலு சுற்றைத் தவிர ஓடவில்லை. இத்தனை வருடமும் தார்ப்பாய்க்குக் கீழேதான் நின்றது. அப்படியென்றால் பள்ளம் மோதுவதற்கு முன்பே இருந்தது.

பிரேக் மிதித்தால் இடது பக்கம். பாலத்தின் சுவரும் இடது பக்கம்.

பெப்பின் பள்ளத்தில் விரலை வைத்தபடியே கிடந்தான். சபுரா எழுந்து கை துடைத்துக்கொண்டு உள்ளே போனாள்.

மேலேயிருந்து அண்ணனின் குரல் கேட்டது.

"எலே, இன்னும் மிதிச்சுக்கிட்டுத்தான் இருக்கேன். காலை எடுக்கட்டுமா?"