உடும்பிடம் பிடி கற்ற கழுதை

காட்டுக் குளத்தின் கரையில் இடும்பன் என்றொரு கழுதை இருந்தது. கராத்தேயில் கறுப்பு பெல்ட் வாங்கிய கழுதை!

சேவல் மாஸ்டரிடம் நான்கு வருடப் பயிற்சி. "ஹாய்!" என்று கத்திக்கொண்டு அது பின்னங்கால்களால் உதைத்தால் விளாமரம் ஆடும். பழங்கள் பொலபொலவென்று உதிரும். குரங்குகள் இதற்காகவே காலையில் வந்து இடும்பனை எழுப்பிவிடும்.

சேவல் மாஸ்டருக்கு ஒரே ஒரு விதிதான். "கராத்தேக்காரன் தரையில விழக் கூடாது!"

அதனால் இடும்பன் தினமும் சாயங்காலம் புதர் மறைவுக்குப் போகும். யாரும் இல்லை என்று பார்த்துக்கொள்ளும். புழுதியில் ஆசைதீரப் புரளும். பிறகு எழுந்து, உடம்பை உதறிக்கொண்டு, ஒன்றும் தெரியாதது போலத் திரும்பி வரும்.

ஒரு திங்கட்கிழமை கழுதைப்புலி வந்தது.

"கோடை முடியிறவரைக்கும் இந்தக் குளம் எனக்கு. நீ கிளம்பு!"

"என் பேரைப் பாதி வெச்சுக்கிட்டு என்னையே விரட்டுறியா?" என்று சொல்லிக்கொண்டே இடும்பன் உதைப்பதற்காகத் திரும்பியது. அதற்குள் கழுதைப்புலி பாய்ந்து அதன் கழுத்தைக் கட்டிக்கொண்டு தொங்கியது.

இடும்பன் உதைத்தது. எதிரி முன்னால், உதை பின்னால். ஒரு கரையான் புற்று மட்டும் பறந்தது.

நல்லவேளையாக யானைகள் தண்ணீருக்கு வரும் சத்தம் கேட்டது. கழுதைப்புலி பிடியை விட்டது.

"வெள்ளிக்கிழமை காலையில வர்றேன். அன்னிக்கும் என் பிடியிலேர்ந்து தப்பத் தெரியலேன்னா இந்தக் குளத்தை மறந்துடு!"

கோடையில் அந்தக் காட்டில் வேறு தண்ணீர் கிடையாது. இடும்பனுக்கு அப்போதே தொண்டை வறண்டது. சேவலிடம் ஓடியது.

"மாஸ்டர், கட்டிப்பிடிச்சா என்ன செய்யிறது?"

"கட்டிப்பிடிக்க விடாதே!"

"விட்டுட்டேனே மாஸ்டர்!"

சேவல் ஒற்றைக் காலில் நின்று யோசித்தது. "அப்போ கூடுதலா ஒரு பிடிச் சண்டை கத்துக்கோ. ஆனா உதையை மட்டும் இழந்துடாதே."

இடும்பன் முதலில் கரடியிடம் போனது.

"எதிராளியை ரெண்டு கையாலயும் இறுக்கிக் கட்டு" என்றது கரடி.

"எனக்குக் கையே இல்லையே அண்ணே!"

கரடி இடும்பனைச் சுற்றி வந்து எண்ணிப் பார்த்தது. "ஆமா, நாலும் கால்தான். போயிட்டு வா."

அடுத்து மலைப்பாம்பு. "பாடம் ரொம்ப எளிது தம்பி. முதல்ல நான் உன்னைச் சுற்றிக் காட்டுறேன். நான் இன்னும் சாப்பிடல, நீ?"

இடும்பன் பதில் சொல்ல நிற்கவில்லை.

வறண்ட ஆற்று மணலில் இரண்டு நீர்நாய்கள் கட்டிப் புரண்டுகொண்டிருந்தன. கீழே மாட்டிய நீர்நாய் மணலில் இருமுறை தட்டியது. மேலே இருந்தது சட்டென்று விட்டது. இரண்டும் கெக்கெக்கே என்று சிரித்துவிட்டு மறுபடியும் கட்டிக்கொண்டன.

"வா இடும்பா! ஒரு ஆட்டம் போடலாம்!"

"சிரிச்சுக்கிட்டே சண்டையா? தரையில வேற புரளுறீங்க. கேவலம்!" என்று இடும்பன் முகத்தைத் திருப்பிக்கொண்டது.

கடைசியில் உடும்பைப் பார்த்தது. உடும்பு பாறையில் ஒட்டிக்கொண்டு இருந்தது. சிரிக்கவே இல்லை.

"நான் பிடிச்சா விட மாட்டேன். எங்க அப்பாவும் விட்டதில்லை. எங்க தாத்தா ஒரு பாறையைப் பிடிச்சார். அங்கேயே செத்தார்."

"இதுதான் கலை!" என்று இடும்பன் புல்லரித்துப் போனது.

"காலைக் காட்டு!"

உடும்பு பாய்ந்து பின்னங்கால்கள் இரண்டையும் சேர்த்துப் பிடித்தது.

"அடேயப்பா, என்ன பிடி! புரிஞ்சுது மாஸ்டர். இப்போ விடுங்க."

"விடுறதுன்னா?"

"விடுறதுதான்! விலகுறது!"

உடும்பு விழித்தது. "அதை எங்க வீட்டுல யாரும் சொல்லித் தரலையே!"

அன்றிலிருந்து இடும்பன் போகுமிடமெல்லாம் தத்தித் தத்திப் போனது. பின்னால் உடும்பும் போனது. உதைக்க முடியவில்லை. விளாம்பழம் விழவில்லை. குரங்குகள் திட்டின. "கொஞ்சம் குனி, அந்தத் தவளையைப் பிடிச்சுக் குடு, பசிக்குது" என்று உடும்பு வேறு நச்சரித்தது.

வெள்ளிக்கிழமை விடிந்தது. கழுதைப்புலி வந்தது.

"என்னடா, காலுக்குக் கொலுசா?" என்று விழுந்து விழுந்து சிரித்தது. பிறகு ஒரே பாய்ச்சலில் கழுத்தைக் கட்டிக்கொண்டது.

இடும்பனுக்கு மூச்சுத் திணறியது. உதைக்கவும் கால் இல்லை. வேடிக்கை பார்க்க வந்திருந்த நீர்நாய்கள் கத்தின.

"கீழே விழு இடும்பா! விழுந்து புரளு!"

"கறுப்பு... பெல்ட்... விழாது!"

"புதருக்குப் பின்னாடி தினமும் புரளுறியே, அதையே இங்க புரளுடா!"

இடும்பன் திடுக்கிட்டது. மரக்கிளையில் சேவல் மாஸ்டர் உட்கார்ந்திருந்தது. எதிரே குளம் பளபளத்தது. இடும்பன் கண்ணை மூடிக்கொண்டு தொப்பென்று விழுந்தது.

நான்கு வருடம் ஒளித்துவைத்த புரளல் அது! முதல் புரட்டில் உடும்பு நசுங்கி, "அம்மா!" என்று அலறிக் கால்களை விட்டது. இரண்டாவது புரட்டில் கழுதைப்புலி அடியில் போனது. வலி பொறுக்காமல் மணலில் படபடவென்று அடித்தது.

"தட்டுறான்! விட்டுடு!" என்றன நீர்நாய்கள்.

இடும்பன் உடனே எழுந்து விலகியது. விலகி, முதுகைக் காட்டி நின்றது. கழுதைப்புலிக்குப் புத்தி வரவில்லை. பின்னாலிருந்து பாய்ந்தது.

பின்னால்!

"ஹாய்!"

கழுதைப்புலி விளாமரத்தில் மோதி அந்தப் பக்கம் விழுந்தது. கூடவே முப்பது பழங்களும் விழுந்தன. குரங்குகள் ஆரவாரம் செய்தன. கழுதைப்புலி திரும்பிப் பார்க்காமல் ஓடியது.

"விட்டுட்டேன்! எங்க பரம்பரையிலேயே முதல்ல விட்டது நான்தான்!" என்று உடும்பு குதித்தது.

இடும்பன் பயந்துகொண்டே மரக்கிளையைப் பார்த்தது. "மாஸ்டர், நான் விழுந்துட்டேன்..."

"எப்போ? நான் அந்தப் பக்கம் பார்த்துக்கிட்டிருந்தேன்" என்றது சேவல்.

மறுநாள் நீர்நாய்களின் வகுப்பில் இரண்டு புதிய மாணவர்கள் சேர்ந்தார்கள். கழுதை ஒன்று, உடும்பு ஒன்று. சேவல் சும்மா பார்க்க வந்தது. வரும்போதே இறகில் மணல் ஒட்டியிருந்தது.

புதிய வித்தை கைவசம் இருக்கும் வித்தையைக் கட்டிப்போடக் கூடாது. ஆகவே பிடியைக் கற்க விரும்புகிறவர், விடவும் தெரிந்தவரிடமே போக வேண்டும்.