உப்பை நாடு கடத்தப் பார்த்த ராஜா

முன்னொரு காலத்தில் காரித்துறை என்ற நாட்டை மாடவர்மன் என்ற ராஜா ஆண்டார். கடல் தாண்டி வந்த வணிகன் ஒருவன் அவருக்கு ஒரு பேட்டரி, ஒரு பல்பு, இரண்டு கம்பிகள் கொடுத்துவிட்டுப் போனான். அந்தக் காலத்தில் பேட்டரி ஏது என்று கேட்காதீர்கள். ராஜாவிடம் இருந்தது.

அன்றிலிருந்து அவர் கண்ணில் பட்டதிலெல்லாம் கம்பிகளை வைத்துப் பார்த்தார். பல்பு எரிந்தால் அது உழைக்கும் பொருள். எரியாவிட்டால் சோம்பேறி, நாட்டைவிட்டு வெளியேற வேண்டும். வாளும் செப்புக்குடமும் தப்பின. கட்டிலும் தலையணையும் எல்லை தாண்டின. ராஜா தரையில் படுத்தார்.

அரசவைப் புலவர் கூத்தபிரானாருக்கு உப்பின்மேல் பொறாமை. முதல்நாள் ராஜா அவருடைய பாட்டைவிட ரசத்தில் இருந்த உப்பை அதிகமாகப் புகழ்ந்திருந்தார்.

"உப்பைச் சோதித்தீர்களா மன்னா?" என்றார் புலவர்.

உப்புக்கல்லில் கம்பிகளை வைத்தார்கள். பல்பு எரியவில்லை.

"உப்பும் உப்பளத்துக்காரர்களும் நாளை மாலைக்குள் வெளியேற வேண்டும்" என்றார் ராஜா.

மறுநாள் காலையில் உப்பளத்தில் வேலை செய்யும் ஆவுடை அவைக்கு வந்தாள்.

"மகாராஜா, உப்பு சோம்பேறி இல்ல. அசைய முடியாம மாட்டிக்கிட்டிருக்கு. காட்டுறேன். தப்புன்னா நாங்களே கெளம்பிருவோம்."

அவையினர் நாற்பது பேரையும் இரண்டு பாதியாகப் பிரித்தாள். "நீங்க சோடியம். எதிர்ல நிக்கிறவங்க குளோரின். உங்க தலைப்பாகையைக் கழட்டி அவங்க தலையில வைங்க."

அந்த அவையில் வெறுந்தலையோடு நிற்பது குற்றம். தலைப்பாகையைக் கொடுத்தவர்கள், அது கைவிட்டுப் போகாமலிருக்க, சுற்றி நின்ற வாங்கியவர்களையெல்லாம் இறுகப் பிடித்துக்கொண்டார்கள்.

"உப்புக்குள்ள தலைப்பாகைக்குப் பதிலா எலக்ட்ரான். ஒண்ணை இழந்த சோடியத்துக்கு நேர்மின்னூட்டம், வாங்குன குளோரினுக்கு எதிர்மின்னூட்டம். அதான் இப்படி ஒட்டிக்கிச்சு. இப்ப இவங்களை நடக்கச் சொல்லுங்க."

ராஜா சொன்னார். ஒருவரும் நகரவில்லை. படைத்தலைவர் தும்மினார், நாற்பது பேரும் ஆடினார்கள்.

"தண்ணில போட்டா பிடி விட்டுரும். தனித்தனியா நகரும். அந்த நடமாட்டந்தான் மின்சாரத்தைச் சுமக்குது."

ராஜா உடனே எல்லோரையும் அவை வாசலில் இருந்த குளத்தில் தள்ளச் சொன்னார்.

"நான் உப்பைச் சொன்னேன் சாமி" என்றாள் ஆவுடை. அதற்குள் தள்ளிவிட்டார்கள்.

அவள் ஒரு சட்டியில் மழைநீரை ஊற்றிக் கம்பிகளை வைத்தாள். பல்பு எரியவில்லை.

"நான்தான் சொன்னேனே" என்றார் புலவர், குளத்திலிருந்து.

அவள் இரண்டு கை உப்பை அள்ளிப் போட்டுக் கலக்கினாள். பல்பு எரிந்தது.

ராஜா கம்பிகளைக் கையில் எடுத்துக்கொண்டார். "உப்பும் நீங்களும் இங்கேயே இருங்கள். காய்ந்து கிடப்பதை மட்டும் பார்த்து நான் தீர்ப்பு சொன்னது தப்பு" என்றார். பிறகு கரையேறிய புலவரிடம், "கையை நீட்டும்" என்றார்.

கம்பிகளை வைத்தார். எரியவில்லை.

"இவர் நனைந்தும் எரியவில்லையே, ஆவுடை?"

"உப்பு போதல சாமி. அளத்துக்கு அனுப்பி வைங்க. நல்லா வேர்க்கட்டும்."

அன்று புலவர் வாரிக் குவித்த உப்பைப் போட்டுத்தான் ஊரே கஞ்சி குடித்தது.