செல்லப்பாண்டிக்குப் பச்சைத்தண்ணீர் பழக்கிய கதை

குண்டலப்பட்டியில் யோசிக்காமல் ஒரு காரியமும் நடக்காது. அந்த ஊரின் கஷ்டமே அதுதான்.

அந்த ஊர் விருமணனுக்கு இரண்டு வயதில் ஒரே மகன், செல்லப்பாண்டி. வருஷம் முழுக்கத் தும்மல். மனைவி சிவனம்மா தன் தங்கையின் பிரசவத்துக்குப் புறப்பட்டபோது, பச்சைக் குழந்தைக்கு ஒட்டிக்கொள்ளுமே என்று மகனை வீட்டிலேயே விட்டுப் போனாள்.

"எட்டு நாள்ல வருவேன். அப்பவும் பிள்ளை தும்மினான்னா, தூக்கிட்டு எங்கம்மா வீட்டோட போயிருவேன்" என்றாள்.

விருமணனுக்கு அன்று சோறு இறங்கவில்லை. மகன் இல்லாத வீட்டை அவனால் நினைத்துக்கூடப் பார்க்க முடியாது. அண்ணன் ஒச்சப்பனையும் தம்பி மாயாண்டியையும் கூட்டிக்கொண்டு டாக்டரம்மாவிடம் ஓடினான்.

"பிள்ளையப் பச்சைத்தண்ணிக் குளியலுக்குப் பழக்குங்க. வெதுவெதுப்பா ஆரம்பிங்க. நேத்து ஊத்துன தண்ணியவிட இன்னைக்குத் துளி சூடு கம்மியா இருக்கட்டும். உடம்பு தானா பழகிரும். நடுங்கினா மட்டும் உடனே நிறுத்திரணும்" என்றார் அவர்.

முதல் நாள் வெதுவெதுப்பாக ஊற்றினார்கள். அதுவரை ஒரு குறையும் இல்லை. மறுநாள் ஒப்பிட்டுப் பார்க்க வேண்டுமே என்று அதே தண்ணீரில் ஒரு பானை எடுத்து வைத்தார்கள். விடிந்ததும் மாயாண்டி அதில் கையை விட்டு அலறினான்.

"அண்ணே, ஜில்லுன்னு இருக்கு! நேத்து இதையா பிள்ளை மேல ஊத்துனோம்?"

விருமணன் மகனைக் கட்டிக்கொண்டு அழுதான். "அப்பனை மன்னிச்சிருடா தங்கம்."

"அழுது என்னடா ஆகப்போகுது? இன்னைக்கு இதைவிடச் சூடு கம்மியா இருக்கணும். ஆகவேண்டியதப் பாரு" என்றான் ஒச்சப்பன்.

மீன்காரரிடம் ஐஸ் வாங்கி வந்து அண்டாவில் போட்டார்கள். செம்பை முக்கிய பிறகு விருமணனுக்குக் கை எழவில்லை.

"பிள்ளை நடுங்கிட்டா?"

"முதல்ல நம்ம மேல ஊத்திப் பாப்போம். நமக்கு நடுங்கலைன்னா அவனுக்கு ஊத்துவோம்."

மூவரும் வரிசையாக நின்று தலையில் ஊற்றிக்கொண்டார்கள். மூவருக்கும் பல் கிட்டிப்போனது.

"ந-நடுங்கிருச்சு. நிறுத்து!" என்றான் ஒச்சப்பன். செல்லப்பாண்டி கைதட்டிச் சிரித்தான்.

அன்று போட்ட ஐஸ் கட்டிகளை எண்ணி வைக்கத் தவறவில்லை. அடுத்த நாள் இன்னும் ஒரு கட்டி ஐஸ் கூடியது. ஒரு வாரமும் இதே திருப்பணிதான்.

எட்டாம் நாள் சிவனம்மா வந்தாள். தெருமுனையிலேயே தும்மல் காதில் விழ, பதறிப்போய் உள்ளே ஓடினாள். ஒரே கம்பளிக்குள் மூன்று ஆண்கள் தும்மிக்கொண்டு கிடந்தார்கள். ஒரு வாரப் புழுதியோடு செல்லப்பாண்டி அவர்கள் மேல் குதிரை ஏறிக்கொண்டிருந்தான். அவனுக்குத் தும்மலே இல்லை.

"பிள்ளை தும்மவே இல்ல, பாத்தியா? அப்ப நீ போகமாட்டல்ல?" என்று மூக்கை உறிஞ்சிக்கொண்டே கேட்டான் விருமணன்.

போகவில்லை. முதலில் மகனைக் குளிப்பாட்டினாள். பிறகு மூவரையும் டாக்டரம்மாவிடம் இழுத்துப் போனாள். அவர் ஒரு பாட்டில் மருந்து கொடுத்தார். "ஆளுக்கு ஒரு கரண்டி, மூணு வேளை."

மூவரும் மூலையில் கூடி யோசித்தார்கள்.

"குளிச்சது நாம. குணமானது பிள்ளைக்கு."

"அப்ப நமக்குக் குணமாகணும்னா?"

"வேற யாராச்சும்தான் குடிக்கணும்."

"அளவு தெரிஞ்சவங்களா இருந்தா நல்லது."

விருமணன் பாட்டிலைத் திறந்து, கரண்டி நிறைய ஊற்றி, டாக்டரம்மாவின் வாய்க்கு நேரே பக்தியோடு நீட்டினான்.

"ஒரு நாளைக்கு ஒம்பது கரண்டி வருதுங்கம்மா. கசக்கும், மூக்கைப் பிடிச்சுக்கங்க."