கரடியின் 'உம்'

ஒரு காட்டில், குழந்தைகளே, ஒரே ஓர் 'உம்'முக்காக மூன்று பேர் வேலையை நிறுத்திவிட்டுக் காத்துக் கிடந்தார்கள்.

'உம்' சொல்ல வேண்டியது கரடி. காத்துக் கிடந்தவர்கள் அணில், கீரி, இருவாச்சிப் பறவை. கோடையில் நால்வரும் சேர்ந்து இலுப்பைப் பூவைப் பொறுக்கிப் பாறையில் காயவைப்பார்கள். மழைக்காலம் முழுக்க அவர்கள் வயிறு நிறைவது அந்தப் பூவால்தான்.

கரடி கெட்டிக்காரக் கரடி. கோபமும் அதே அளவுக்கு உண்டு. "என்னைக் கேட்காம ஒரு பூவைக்கூட அசைக்கக் கூடாது!" என்பது அதன் சட்டம்.

காய்ந்த பூவைச் சேர்த்து வைக்க நனையாத குகை ஒன்று வேண்டும். அது அக்கரையில் முள்ளம்பன்றியிடம் இருந்தது. "பூவில் பாதி கொடு, குகையில் இடம் தர்றேன்" என்றது முள்ளம்பன்றி. "கால் பங்குதான்" என்றது கரடி. தினமும் ஆற்றைக் கடந்து போய்ப் பேரம் பேசியது.

பேச்சு சூடுபிடிக்கும்போதெல்லாம் இருவாச்சி பறந்து வரும்.

"அண்ணே, பூவைப் புரட்டிப் போடலாமா?"

"உம்."

போகும். திரும்ப வரும். "அண்ணே, கீரி தண்ணி குடிக்கப் போகலாமா?"

"உம், உம்!"

முள்ளம்பன்றி முள் குலுங்கச் சிரித்தது. "காதை அக்கரையில விட்டுட்டு வந்து என்னோட பேரம் பேசுறியே! பாதியில ஒரு பூ குறையாது, போ."

ஒருநாள் மதியம் இருவாச்சி மூச்சிரைக்க வந்தது. "அண்ணே, மேகம் கறுத்துடுச்சு. பூவை அள்ளி இப்போதைக்கு மரப்பொந்துல போடலாமா?"

"அள்ளுங்கடா!" என்று அலறிக்கொண்டு கரடியும் ஓடியது. இருவாச்சி திரும்பி ஆற்றின் நடுவே பறக்கும்போதே மழை கொட்டிவிட்டது. கரடி போய்ச் சேர்ந்தபோது, பத்து நாள் பூ கூழாகிப் பாறையிலிருந்து வழிந்துகொண்டிருந்தது. பக்கத்திலேயே அணிலும் கீரியும் நனைந்தபடி நின்றார்கள்.

"கண்ணு தெரியலையா? கை இல்லையா?" என்று கத்தியது கரடி.

அணில் நடுங்கிக்கொண்டே சொன்னது: "போன வாரம் ஒரே ஒரு பூவைக் கேட்காமப் புரட்டினேன். வாலைப் பிடிச்சுத் தூக்கி எறிஞ்சீங்க. இன்னிக்கு மொத்தப் பூவையும் எந்தத் தைரியத்துல அள்ளுவேன் அண்ணே?"

கரடி மழையிலேயே உட்கார்ந்துவிட்டது. தேனெடுக்க அதற்கு யாரும் 'உம்' சொன்னதில்லை. மூக்கு வீங்க வீங்கத் தேனீயிடம் கொட்டு வாங்கித்தான் கற்றது. இவர்களுக்கு ஒரு கொட்டு வாங்கக்கூட நான் இடம் கொடுக்கவில்லையே என்று நினைத்தது.

மரத்தில் இன்னும் பூ இருந்தது. மறுபடியும் பொறுக்கிப் பாறையில் பரப்பினார்கள். அக்கரைக்குக் கிளம்பும்போது கரடி சொன்னது: "பூ நனையக் கூடாது. எனக்கு அவ்வளவுதான் வேணும். எப்ப அள்ளணும், எப்படி அள்ளணும்னு நீங்களே பார்த்துக்குங்க. இருவாச்சி, நீ ஆற்றைத் தாண்டி வரவேண்டாம்."

"தப்பாப் போச்சுன்னா?" என்று கேட்டது கீரி.

கரடி யோசித்தது. "உறுமுவேன். அது என் பிறவிக் குணம். ஆனா வாலைத் தொட மாட்டேன்."

மாலையில் திரும்பி வந்தால் பாறை காலி. மழையோ ஒரு சொட்டுக்கூட இல்லை. மேகத்தைப் பார்த்த பயத்தில் மூவரும் பூவை அள்ளிப் பொந்தில் திணித்திருந்தார்கள். நல்ல வெயில் வீணாகி, பூ உள்ளே புழுங்கிக் கிடந்தது.

கரடியின் தொண்டைவரை உறுமல் வந்தது. அணில் தன் வாலைச் சுருட்டி வயிற்றுக்கடியில் ஒளித்துக்கொண்டது. அதைப் பார்த்ததும் கரடி உறுமலை விழுங்கியது.

"மேகம் வந்தப்போ காற்று எப்படி இருந்துச்சு?"

"வறண்ட காற்றுதான் அண்ணே," என்றது இருவாச்சி.

"மண்வாசனையும் வரல," என்றது கீரி.

"அப்ப மண்வாசனை வந்ததும் அள்ளினாப் போதும்!" என்றது அணில். வால் மெல்ல வெளியே வந்தது.

நான்கு நாள் கழித்து, பேரத்தின் நடுவே இடி இடித்தது.

"பூ போகப்போகுது! பாதிக்குச் சரின்னு சொல்லிட்டு ஓடு!" என்று விரட்டியது முள்ளம்பன்றி.

கரடியின் ஒரு கால் தானாக எழுந்தது. அதை மடக்கிக்கொண்டு உட்கார்ந்தது. "அங்கே மூணு பேர் இருக்காங்க. நீ பேசு. கால் பங்கு."

மழை பெய்தது. பேச்சும் நீண்டது. கரடி அசையவில்லை. கடைசியில் முள்ளம்பன்றி கொட்டாவி விட்டது. "சரிப்பா, கால் பங்கே கொடு. இன்னிக்கு உன் காதும் இங்கேதான் இருக்கு."

கரடி திரும்பி வந்து பொந்துக்குள் கையை விட்டது. பூ மொறுமொறுவென்று இருந்தது.

"ஓரத்துல ஒரு குவியலை விட்டுட்டோம் அண்ணே, நனைஞ்சு போச்சு," என்று அணிலே முந்திக்கொண்டு சொன்னது. வால் நிமிர்ந்தே இருந்தது. "அடுத்த தடவை அந்த ஓரத்துலேர்ந்து ஆரம்பிக்கிறோம்."

"உம்," என்றது கரடி.

அதைக் கேட்க அங்கே யாரும் நிற்கவில்லை. ஈரப் பூவைப் பிரித்துப் போட மூவரும் அதற்குள் போயிருந்தார்கள்.

நீதி: வேலையை ஒப்படைத்தால் முடிவெடுக்கும் உரிமையையும் சேர்த்து ஒப்படை; முதல் தவறைக் கண்டதும் அதைத் திரும்பப் பிடுங்காதே.