வால் கேட்ட வாக்கு

அந்தக் காலத்தில் மிருகங்கள் மட்டுமா பேசின? உடம்புக்குள் இருக்கும் உயிரணுக்கள்கூட வாய் ஓயாமல் பேசும். தவளைகளுக்கு அப்போது சாகும்வரை வால் இருந்தது. தண்ணீரைவிட்டு ஒன்றும் ஏறியதில்லை.

ஒரு குட்டையில் குமிழி என்று ஒரு தலைப்பிரட்டை. நாலு காலும் முளைத்துவிட்டது. அந்த வருஷம் வெயில் கொளுத்த, குட்டை நாளுக்கு நாள் வற்றியது. கரையேறினால்தான் உயிர். ஆனால் பாழாய்ப்போன வால் விட்டால்தானே! அதன் அணுக்கள் ஒன்று இரண்டாகி, இரண்டு நாலாகி, கட்டி கட்டியாகப் புடைத்தன. தின்றதெல்லாம் அங்கேதான் போனது. கால்கள் ஈர்க்குச்சியாய் இளைத்தன.

“மாமா, வெட்டி விட்டுடுங்க” என்று நண்டிடம் அழுதாள் குமிழி. நண்டு வெட்டியது. மூன்றாம் நாள் முன்னைவிடப் பெரிதாக வளர்ந்து நின்றது வால்.

நண்டு தலையில் அடித்துக்கொண்டது. “இன்னொரு தடவை வெட்டினா உன் காலும் சேர்ந்து போயிடும்டி. என்னால ஆகாது.”

குமிழி சோர்ந்து கிடந்தாள். அப்போதுதான் நினைவு வந்தது. வாயில் இருந்த குட்டிப் பற்கள் போன வாரம் வலிக்காமல் உதிர்ந்தனவே, அவற்றை யார் வெட்டினார்கள்? ‘போதும்னு உள்ளேயே ஒரு குரல் கேட்டுச்சு, கிளம்பறோம்’ என்று சொல்லிவிட்டுத்தானே போயின!

வாலிடம் திரும்பினாள். “அந்தக் குரல் உங்களுக்குக் கேட்கலையா?”

“கேட்டுச்சு. அமுக்கி வெச்சிட்டோம்” என்றன அணுக்கள். “உன்னை நீந்த வெச்சதே நாங்கதான். கால் வந்ததும் சேத்துல வீசிட்டுப் போயிடுவே, இல்லே?”

சண்டைக்கு வந்த குமிழி, இளைத்த காலால் வாலைத் தடவினாள். “சத்தியமா வீச மாட்டேன். ஒரு துளிகூட வெளியே விடாம என் உடம்பிலேயே சேர்த்துக்கறேன். நீங்க கரையற வரைக்கும் வேற இரையை வாயில வைக்க மாட்டேன். அந்தக் குரலைப் பேச விடுங்க.”

ஒவ்வோர் அணுவாக, தனக்குள் அமுக்கி வைத்திருந்த குரலுக்கு வழிவிட்டது. கட்டி வற்றியது, வால் சுருங்கியது. காயமில்லை, ரத்தமில்லை. நாலாம் நாள் குமிழி கரையேறினாள்.

புற்றுக்கட்டிக்குள் அமுங்கிக் கிடக்கும் அந்தக் குரலைத்தான் மருத்துவர்கள் இன்றும் மருந்து கொடுத்து எழுப்பப் பார்க்கிறார்கள். தவளையின் வாலுக்கு அந்தப் பாடு இல்லை. அன்று முதல்தான், வால் கரையும் நாட்களில் எந்தத் தலைப்பிரட்டையும் இரை தேடுவதில்லை. ஈ வந்து மூக்கின்மேல் உட்கார்ந்தாலும் வாயைத் திறக்காது.