சுவருக்கு அப்பாலிருந்து வந்த பதில்

கல்லறைத் திருநாள் மாலை. தீர்த்த வாளியைத் தூக்கிக்கொண்டு பங்குச் சாமியாரின் பின்னால் நடந்த உபதேசியார் சூசைமாணிக்கம் திடீரென்று கேட்டார்.

“சாமி, செத்தவங்களுக்குச் சுவர் தெரியுமா?”

சாமியார் ஜெபப் புத்தகத்தைத் திறந்தார்.

அந்த ஊரில் கோயில் ஒன்றுதான். கல்லறைத் தோட்டத்தில் மட்டும் சாதிக்கொரு பக்கம், நடுவே ஆள் உயரச் சுவர். உயிர்த்தெழும் நாளில் கலந்துவிடக் கூடாது என்ற முன்யோசனை போலும். மேலத்தெருக் கல்லறைகளைத்தான் முதலில் தீர்த்தம் தெளித்து மந்திரிப்பார்கள். அது முடிந்து சாமியார் சுற்றிக்கொண்டு போகும்வரை கீழத்தெருப் பக்கத்துக் கேட் பூட்டியே கிடக்கும்.

மேலத்தெருக்காரரான சூசைமாணிக்கம் அந்தப் பக்கம் போனதே இல்லை; கேட் வாசலோடு வாளியைக் கைமாற்றிவிடுவார். கீழத்தெருப் பையனைக் கட்டிக்கொண்ட அவருடைய ஒரே மகள் அமலோற்பவம், போன சித்திரையில் காய்ச்சல் கண்டு இறந்து அங்கேதான் கிடக்கிறாள். அடக்கத்துக்கும் அவர் போகவில்லை.

“நித்திய இளைப்பாற்றியை இவர்களுக்கு அளித்தருளும் ஆண்டவரே” என்றார் சாமியார்.

மேலத்தெருக்காரர்கள் வாய் திறக்குமுன் சுவருக்கு அப்பாலிருந்து பதில் வந்தது.

“முடிவில்லாத ஒளி இவர்கள்மேல் ஒளிர்வதாக.”

ஒரு குரல் இல்லை, பல குரல்கள். காற்றே இல்லை, ஆனாலும் கல்லறைகளின் மேலிருந்த மெழுகுவர்த்திச் சுடரெல்லாம் சுவர்ப் பக்கம் சாய்ந்தன. கூட்டத்தில் யாரோ சிலுவை போட்டுக்கொண்டார்கள்.

சாமியார் மறுபடி சொன்னார். மறுபடியும் பதில் வந்தது. அதில் ஒரு குரல் மட்டும் கடைசிச் சொல்லை இழுத்து முடித்தது. பாடகர் குழுவில் அப்படி இழுக்காதே என்று சூசைமாணிக்கம் எத்தனையோ தடவை திட்டிய இழுப்பு.

அவர் வாளியை வைத்துவிட்டுத் தன் தாத்தா கல்லறைமேல் ஏறி எட்டிப் பார்த்தார். கேட்டில் பூட்டுத் தொங்கியது. ஈர மண்மேடுகள், மரச் சிலுவைகள்.

“யாருமே இல்ல சாமி.”

“யாருமே இல்லையா?”

அவர் இறங்கி வந்தார்.

“ஒரு குரல் எம் மக மாதிரி இருந்துச்சு. அவதானா சாமி?”

“பெத்தவரு நீங்க. என்னைக் கேக்குறீங்க.”

“இன்னொரு தடவை சொல்லுங்க. பதில் வருதான்னு பாப்போம்.”

சாமியார் புத்தகத்தை மூடி அவர் கையில் கொடுத்தார்.

“அவ பதில் சொல்லிக்கிட்டுத்தான் இருக்கா உபதேசியாரே. கூப்பிட வேண்டியது நீங்க.”