அடுப்பைத் திருப்பியவர்

ஆசான் கோகிலவாணிக்கு மடம் இல்லை, உண்டியல் இல்லை. காலில் விழ வருபவர்களை எழுப்பிவிட்டு, டீ வாங்கிவரச் சொல்வார். சிங்காநல்லூரில் ஒரு சைக்கிள் கடையின் மொட்டைமாடியில் ஞாயிறுதோறும் பாய் விரித்து உட்கார்ந்திருப்பார். கேள்வி உள்ளவர்கள் வருவார்கள்.

அவருக்கு வயது நாற்பத்தைந்து. அவருடைய சீடர் சென்னியப்பனுக்கு அறுபத்தெட்டு. இதில் இருவருக்கும் வெட்கமில்லை.

சென்னியப்பன் பஞ்சாலைத் தொழிற்சங்கத்தில் காலமெல்லாம் கொடி பிடித்தவர். ஆலையை மூடியவர்களும் சங்கத்தை விற்றவர்களும் இன்று ஒரே கல்யாணப் பந்தியில் பக்கத்துப் பக்கத்து இலையில் சாப்பிடுகிறார்கள். அந்தக் கல்யாணங்களுக்குச் சென்னியப்பனுக்கு அழைப்பு வருவதில்லை. வந்தாலும் போகமாட்டார்.

அந்த ஞாயிறு அவர் பாயில் உட்காரவில்லை. நின்றபடியே கேட்டார்.

“ஆசானே, சுவர் வெக்கலாமா, வேண்டாமா?”

“எந்தச் சுவருங்க?”

“என்ற வீட்டுச் சமையல்கட்டுக்கு.”

ஆசான் டீ டம்ளரைக் கீழே வைத்தார். “முதல்ல இருந்து சொல்லுங்க.”

சென்னியப்பன் சொன்னார். தனியாக வாழ்பவர். நாலாவது மாடியில் சின்ன வீடு. ஹாலும் சமையலறையும் ஒன்றுதான். நடுவில் இடுப்புயரத்துக்கு ஒரு கிரானைட் திண்டு மட்டும். பொங்கல் கழிந்து அவருடைய அக்கா பழனாத்தாள் வந்து சேர்ந்தார். கணவர் இறந்துவிட்டார். பிள்ளைகள் இல்லை.

“அடுப்பு கடைசியில சுவரை ஒட்டி இருந்துதுங்க. எங்கக்கா நாள் பூரா சுவரைப் பாத்துக்கிட்டு நின்னாங்க. பொம்பளையைச் சுவரைப் பாத்து நிக்க வெச்ச சமுதாயம் உருப்படாதுன்னு எத்தனை மேடையில பேசியிருக்கேன்! என்ற வீட்டிலயே அப்படியா? ஆளைக் கூப்பிட்டு, கேஸ் குழாயை நீட்டி, அடுப்பை எடுத்து நடுத் திண்டு மேல வெச்சேன். இப்ப ஹாலைப் பாத்துக்கிட்டுச் சமைக்கலாம். உக்கார உசரமா ஒரு ஸ்டூல். பருப்பு டப்பா, புளி டப்பா எல்லாம் கைக்கு எட்டற இடத்துல. ஆணியெல்லாம் நானே அடிச்சேன்.”

“அக்கா என்ன சொன்னாங்க?”

“நல்லாருக்குது கண்ணுன்னாங்க.”

“அப்புறம்?”

“அப்புறம் சாப்பிடறதில்லைங்க.” அவர் குரல் இறங்கியது. “சமைக்கறாங்க, எனக்குப் போடறாங்க. அவங்க தட்டைத் தொடறதில்லை. கேட்டா, அப்பறம் அப்பறம்ங்கறாங்க. ஜாக்கெட் தோள்ல நிக்கமாட்டேங்குது. டாக்டர்கிட்டக் கூட்டிப் போனேன், உடம்புக்கு ஒண்ணுமில்லைங்கறார். நேத்துப் பையை எடுத்துத் துணி அடுக்கறாங்க. புதன்கிழமை கொழுந்தன் வீட்டுக்குப் போறாங்களாம். அங்க போனா எங்கக்கா சம்பளமில்லாத சமையக்காரி. அது அவங்களுக்கும் தெரியும்.”

ஆசான் பாயில் நகர்ந்து அவருக்கு இடம் விட்டார்.

“பக்கத்து வீட்டுக்காரர் சொல்றார், பழைய காலத்து மனுசிக்குத் திறந்த சமையல்கட்டு ஆகாது, சுவரை எழுப்புங்கன்னு. எழுப்பினா நான் மேடையில பேசினதெல்லாம் பொய்யாப் போகுது. எழுப்பாட்டி அக்கா போயிருவாங்க. நீங்க சொல்லுங்க. சுவரா, அக்காவா?”

“இன்னைக்கு உங்க வீட்டுல என்ன சமையல்?”

“அரிசிம்பருப்பு.”

“சாப்பிட வர்றேன்.”

*

வீட்டில் சோபா, திண்டுக்கு நேர் எதிரே கிடந்தது. சென்னியப்பன் வழக்கம்போல அதில் சாய்ந்தார். ஆசான் பக்கத்தில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தார். திண்டுக்கு அந்தப் பக்கம் பழனாத்தாள் ஸ்டூலில், போட்டோ எடுக்க உட்கார்ந்தவரைப்போல விறைப்பாக இருந்தார்.

“வாங்க கண்ணு. இவன் சொல்லற ஆசான் நீங்கதானா? தாடி வெச்சிருப்பீங்கன்னு நெனச்சேன்.”

“வளரலைங்கம்மா” என்றார் ஆசான்.

பழனாத்தாள் சிரித்தார். சிரிப்பு முடிவதற்குள் சென்னியப்பன் ஆரம்பித்தார்.

“அக்கா, எண்ணெய் போதும், உப்பும் போதும்.”

“போதும் கண்ணு.”

“கரண்டியை அங்க வெச்சா எட்டி எடுக்கணும். இந்தக் கொக்கி எதுக்கு அடிச்சிருக்கேன்?”

“சரி கண்ணு.”

“ஏன்க்கா எந்திரிக்கறீங்க? ஸ்டூல் எதுக்கு வாங்கினது?”

பழனாத்தாள் மறுபடி ஸ்டூலில் ஏறினார். கரண்டி நுனியில் கொஞ்சம் எடுத்து உள்ளங்கையில் விட்டு, உப்புப் பார்க்க வாயருகே கொண்டுபோனார். நிமிர்ந்தார். நேர் எதிரே தம்பியின் முகம். கையை முந்தானையில் துடைத்துக்கொண்டார்.

ஆசான் அதைப் பார்த்தார்.

சாப்பாட்டில் உப்புக் குறைவாக இருந்தது. இருவரும் சாப்பிட்டார்கள். “நீங்களும் உக்காருங்கம்மா” என்று ஆசான் சொன்னதற்கு, “அப்பறம் ஆகட்டும்” என்ற பதில் வந்தது. சென்னியப்பன், பார்த்தீர்களா என்பதுபோல் ஆசானைப் பார்த்தார்.

சாப்பிட்டு முடித்த ஆசான் தட்டுகளை எடுத்துக்கொண்டு திண்டுக்கு அந்தப் பக்கம் போனார். குழாயைத் திறந்துவிட்டு, அந்தச் சத்தத்தில் மெதுவாகக் கேட்டார்.

“எப்பம்மா சாப்பிடுவீங்க?”

பழனாத்தாள் ஹால் பக்கம் ஒருமுறை பார்த்துவிட்டு, காதோடு சொன்னார்.

“கரண்டு போனா.”

ஆசானுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

“சிரிக்காத கண்ணு. போன வாரம் அந்தி நேரத்துல ரொம்ப நேரம் கரண்டு இல்ல. வயிறு நெறையச் சாப்பிட்டேன். மத்தபடி அவன் குளிக்கப் போனா ரெண்டு வாய். அவன் குளிக்கறதும் காக்காக் குளியல்.”

“அவர் பாத்தா என்னங்கம்மா?”

“ஆம்பளைங்க பாக்க நான் சாப்பிட்டதே இல்ல. மாமியா அப்படிப் பழக்கிட்டா. கீழ உக்காந்து, சட்டியோட வெச்சு, அடிப்பிடிச்சதைச் சுரண்டித் தின்னாத்தான் எனக்குத் தொண்டையில எறங்கும். முன்ன அடுப்பு அங்க இருந்தப்ப முதுகைக் காட்டிக்கிட்டு ரெண்டு வாய் போட்டுக்குவேன். இப்ப மூஞ்சிக்கு நேரா உக்காந்திருக்கானே!”

“அப்பச் சுவரை எழுப்பிரலாமா?”

“ஐயோ, சுவரா? டிவி தெரியாதே! அந்த பால்கனிக்கு ஒரு மைனா வருது. தூரத்துல பஸ்ஸு போறது தெரியுது. அடுப்பு இங்க இருக்கறது எனக்குப் பிடிச்சுத்தான் இருக்குது.”

“இதை அவர்கிட்டச் சொல்லலையா?”

“மைக்குல பேசிப் பழகினவன்கிட்ட யார் பேசறது? நான் வாயைத் தொறக்கறதுக்குள்ள அவன் ஒரு பொதுக்கூட்டத்தை முடிச்சிருவான்.”

ஆசான் குழாயை மூடினார். கையைத் துடைத்துக்கொண்டு ஹாலுக்கு வந்தார்.

“என்னங்க சொன்னாங்க? சுவரா?” என்றார் சென்னியப்பன்.

“அது இருக்கட்டும். உங்க ஆலையில மேஸ்திரிக்குக் கண்ணாடி ரூம் கட்டினாங்களாமே. அந்தக் கதையைச் சொல்லுங்க.”

சென்னியப்பன் முகம் மலர்ந்தது. நிமிர்ந்து உட்கார்ந்தார். அவர் வாழ்வில் முழுதாக வென்ற போராட்டம் அது ஒன்றுதான்.

“நூல் சுத்தற பொண்ணுங்களுக்கு நேர் எதிர்ல, உசரத்துல கண்ணாடி ரூமுங்க. மேஸ்திரி உள்ள உக்காந்திருப்பான். திட்டமாட்டான், அடிக்கமாட்டான். பாத்துக்கிட்டே இருப்பான். அவ்வளவுதான். பொண்ணுங்க தண்ணி குடிக்கறதை விட்டுட்டாங்க. கொண்டு வந்த சோத்தைத் தூக்குப்போசியோட அப்படியே வீட்டுக்கு எடுத்துட்டுப் போனாங்க. மேனேஜர்கிட்டக் கேட்டா, எல்லாம் அவங்க நல்லதுக்குத்தான்ங்கறான். விடுவமா? மெசினை நிறுத்திட்டு வெளிய வந்துட்டோம். கண்ணாடி பூரா கறுப்பு பெயிண்ட் அடிக்க வெச்ச பின்னாலதான் அந்தப் பொண்ணுங்க நிம்மதியாச் சோறு...”

நிறுத்தினார்.

திண்டைப் பார்த்தார். தான் உட்கார்ந்திருந்த சோபாவைப் பார்த்தார். திண்டுக்கு அந்தப் பக்கம் அக்காவின் தோளிலிருந்து நழுவிக்கிடந்த ஜாக்கெட்டைப் பார்த்தார். ஆசான் பால்கனிக் கம்பியில் மைனா இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தார்.

“ஆசானே, நான் நல்லதுக்குத்தான...”

“மேனேஜரும் அதைத்தான சொன்னாரு” என்றார் ஆசான். “எந்திரிங்க. அந்தப் பக்கம் பிடிங்க.”

இருவரும் சோபாவைத் தூக்கினார்கள். அது பழைய தேக்குச் சட்டம்; பாதியில் சென்னியப்பனுக்கு மூச்சு வாங்கியது. அடியிலிருந்து ஒரு செருப்பும், பட்டாணியும், எப்போதோ தொலைந்த மாத்திரை அட்டையும் வெளிவந்தன.

“என்னடா கூத்து இது?” என்று பழனாத்தாள் எழுந்து நின்றார்.

“மேஸ்திரிக்கு வேலை போயிருச்சுக்கா” என்றார் சென்னியப்பன், மூச்சிரைக்க.

சோபா பால்கனியைப் பார்த்துத் திரும்பியது. சென்னியப்பன் அதில் உட்கார்ந்தார். இப்போது சமையலறைக்கு அவர் முதுகு மட்டும் தெரிந்தது. ஆசானும் நாற்காலியை இழுத்து அவருக்குப் பக்கத்தில், அதே திசையில் போட்டுக்கொண்டார்.

பிறகு தட்டு ஒன்று நகர்ந்தது. சட்டியைத் தரையில் வைக்கும் ஓசை. கரண்டியால் அடியைச் சுரண்டும் ஓசை.

சென்னியப்பன் பால்கனியைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

“ஏன்டா சென்னி!” குரல் வாய் நிறையச் சோற்றோடு வந்தது. “உன்ற பின்மண்டையில இத்தனை சொட்டையா? முன்னால பாத்தா தெரியவே இல்லையே!”

அவர் பதில் சொல்லக் கழுத்தைத் திருப்பினார். ஆசான் ஒரு விரலை உயர்த்தினார். கழுத்து பழைய இடத்துக்கு வந்தது.

“அந்த ஸ்டூலு எனக்கு வேண்டாம். காலு தொங்குது. வாட்ச்மேனுக்குக் குடுத்துரு.”

அவர் வாயைத் திறந்தார். மூடினார்.

“கரண்டியை அந்தக் கொக்கியில மாட்டினா மூஞ்சியில இடிக்குது. புடுங்கிப் போடு. உப்பு உனக்குக் கொறச்சிக்க, எனக்கு எதுக்குடா கொறைக்கற? எனக்கென்ன பிரசரா?”

சென்னியப்பன் இரண்டு கைகளையும் முழங்காலில் வைத்துக்கொண்டார்.

“என்னடா, சத்தத்தையே காணோம்? தூங்கிட்டயா?”

“கேட்டுக்கிட்டு இருக்கேன்க்கா.”

“அடேங்கப்பா!”

மறுபடி சுரண்டும் ஓசை. தண்ணீர் குடிக்கும் ஓசை. நீளமாக ஓர் ஏப்பம்.

“கொழுந்தனுக்குப் போன் போட்டுப் புதன்கிழமை நான் வரலைன்னு சொல்லிரு. இல்ல, வேண்டாம். நீ சொன்னா அவனோட சண்டை போடுவ. நானே சொல்லிக்கறேன். இன்னும் கொஞ்சம் சோறு இருக்குது, தின்னுட்டுச் சொல்றேன்.”

சென்னியப்பனின் தோள்கள் குலுங்கின. அழுகிறாரா சிரிக்கிறாரா என்று பின்னாலிருந்து சொல்ல முடியாது. பக்கத்திலிருந்து பார்த்த ஆசானுக்குத் தெரியும், சிரிப்புத்தான்.

அவர் ஆசான் பக்கம் சாய்ந்து, சமையலறைக்குக் கேட்காதபடி மெல்லக் கேட்டார்.

“ஆசானே, இப்பத் திரும்பலாமா?”

ஆசான் எழுந்து செருப்பை மாட்டிக்கொண்டார்.

“என்னை எதுக்குங்க கேக்கறீங்க?”